தட்டின் மறுபக்கம்

நாணயத்திற்கு இரண்டு பக்கங்கள். எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் கடைக்காரர் ஒரே மதிப்புத்தான் தருவார். இசைத்தட்டுக்கும் இரண்டு பக்கங்கள்தாம். ஆனால் அவற்றின் மதிப்பு ஒன்றாக இருந்ததில்லை. இந்த வேறுபாடு எப்படி வந்தது, மதிப்புக் குறைந்த அந்தப் பக்கத்தை நாம் ஏன் கேட்க வேண்டும் என்பதை இன்றைய உரையில் காண்போம்.

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1949ஆம் ஆண்டில் 7 அங்குல இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. நிமிடத்திற்கு 45 முறை சுழலும் அச்சிறு தட்டில் பக்கத்திற்கு ஒரு பாடலே பொதுவாக இடம்பெற்றது. விற்பனையாக வேண்டிய பாடலை ஒரு பக்கத்தில் பதித்தார்கள். அது 'ஏ' பக்கம். பின்புறத்தை வெறுமையாக விட முடியாதல்லவா? அங்கே ஏதேனும் ஒரு பாடலைப் போட்டு நிரப்பினார்கள். அது 'பி' பக்கம். எஞ்சிய பாடல், பிறர் பாடிய பழைய பாடல், விளையாட்டாகப் பதிவு செய்த பாடல் ஆகியவை அங்கே குடியேறின.

சில வேளைகளில் பின்புறம் முன்புறத்தை வென்றதும் உண்டு. 1978ஆம் ஆண்டில் கிளோரியா கேனர் பாடிய 'ஐ வில் சர்வைவ்' முதலில் ஒரு தட்டின் 'பி' பக்கத்தில்தான் வெளிவந்தது. தட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்களால் அது உலகப் புகழ் பெற்றது. ஆயினும் இது விதிவிலக்கே. பெரும்பாலான 'பி' பக்கப் பாடல்கள் கேட்பாரற்றுக் கிடந்தன.

அத்தகைய பாடல்களைத் திரட்டி ஒரு தொகுப்பாகவே வெளியிட்டது ஆர்.இ.எம். என்னும் இசைக்குழு. 1980ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக நகரில் அது தோன்றியது. பாடகர் மைக்கேல் ஸ்டைப், கித்தார் வாசித்த பீட்டர் பக், பாஸ் கித்தார் வாசித்த மைக் மில்ஸ், டிரம் வாசித்த பில் பெர்ரி ஆகிய நால்வரே அதன் உறுப்பினர்கள். பெரிய நிறுவனங்களைச் சாராமல், சிறிய நிறுவனங்களின் வழியே தம் போக்கில் வளர்ந்த இத்தகைய குழுக்களின் இசையை 'இண்டி ராக்' என்பார்கள்.

1987ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தொகுப்பின் பெயர் 'டெட் லெட்டர் ஆபீஸ்'. உரியவரிடம் சேர்க்க முடியாமற்போன கடிதங்களை வைத்திருக்கும் அஞ்சல் பிரிவுக்கு அந்தப் பெயர் உண்டு. எழுதியவர் அன்போடு எழுதினார். கடிதமோ போய்ச் சேரவில்லை. 'பி' பக்கப் பாடலின் நிலையை இதைவிடப் பொருத்தமாகச் சொல்லிவிட முடியாது.

தட்டில் 15 பாடல்கள் உள்ளன. நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்டு குழுவின் பாடல்கள் மட்டும் மூன்று. ஏதென்ஸ் நகரத்துச் சகக் குழுவான பைலனின் பாடல் ஒன்று. ரோஜர் மில்லரின் 'கிங் ஆப் தி ரோடு' என்னும் பாடலை மதுமயக்கத்தில் தட்டுத்தடுமாறிப் பாடியதும் அப்படியே இருக்கிறது. இத்தொகுப்பைக் கேட்பது பழைய சாமான் கடையைத் துழாவுவது போன்றது என்ற கருத்தில் பீட்டர் பக்கே அதன் உறையில் எழுதினார். அவர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர், தெரிந்துதான் சொன்னார்.

இவற்றுள் நம் கவனத்திற்கு உரியது 'வாய்ஸ் ஆப் ஹரால்டு' என்ற பாடல். 1984ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரெக்கனிங்' தொகுப்பிற்காக, சார்லட் நகரில் 'செவன் சைனீஸ் பிரதர்ஸ்' என்ற பாடலைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டைப்பின் குரல் எழும்பவில்லை. தயாரிப்பாளர்களுள் ஒருவரான டான் டிக்சன், அங்குக் கிடந்த கிறித்துவப் பக்திப் பாடல் தட்டு ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார். ஸ்டைப் அதன் உறையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த அறிமுக வாசகங்களை அந்த மெட்டிலேயே பாடத் தொடங்கினார். பாடப் பாடத் தயக்கம் கலைந்தது. அதன் பிறகு உரிய சொற்களோடு பாடலைப் பாடி முடித்தார். உறையைப் பார்த்துப் பாடிய அந்தப் பதிவுதான் 'வாய்ஸ் ஆப் ஹரால்டு'.

இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்றே, வாத்தியங்களும் அவையே, சொற்கள் மட்டும் வேறு. நம் திரையிசையில் மெட்டுக்குத் தத்தகாரம் பாடிவிட்டுப் பிறகு சொற்களை அமைப்பதை நேயர்கள் அறிவீர்கள். இங்கே உறையின் வாசகங்களே தத்தகாரமாகப் பயன்பட்டன எனலாம். முடிந்த பாடலை மட்டும் கேட்பவருக்கு அது தடையின்றிப் பிறந்தது போலத் தோன்றும். மறுபக்கத்தையும் கேட்பவருக்கே, அதற்குமுன் ஒரு தடுமாற்றமும் ஒரு விளையாட்டும் இருந்தன என்பது விளங்கும்.

இத்தகைய தொகுப்பை ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. குழுவின் முதன்மைப் பாடல்களை முதலில் கேட்டுப் பழகுங்கள். பிறகு மறுபக்கத்திற்கு வாருங்கள். யாருடைய பாடலை இவர்கள் விரும்பிப் பாடினார்கள்? அதிலிருந்து எதைக் கற்றார்கள்? இந்தப் பாடல் ஏன் பின்னால் ஒதுக்கப்பட்டது? இக்கேள்விகளோடு கேட்டால், சுமாரான பாடலும் செய்தி சொல்லும்.

இன்று பாடல்கள் பெரும்பாலும் கணினி வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் நம்மை அடைகின்றன. அங்கே தட்டும் இல்லை. நிரப்ப வேண்டிய பின்புறமும் இல்லை. ஒவ்வொரு பாடலும் தனியே நிறுத்தப்பட்டு, எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ணப்படுகிறது. இடத்தை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் கலைஞனுக்கு ஒரு சுதந்திரத்தைத் தந்திருந்தது. யாரும் பெரிதாகக் கவனிக்காத அந்த இடத்தில் அவன் தவறலாம், சிரிக்கலாம், முயன்று பார்க்கலாம்.

இசை பயிலும் பிள்ளைகள் பலர் முடிந்த பாடல்களை மட்டும் கேட்டு, தம் குரலை அவற்றோடு ஒப்பிட்டு மனம் தளர்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முறையேனும் மறுபக்கத்தைப் போட்டுக் காட்டுங்கள். 2011ஆம் ஆண்டில் கலைந்துபோன ஆர்.இ.எம். குழுவினர் புகழின் உச்சியை எட்டியவர்கள். அவர்களும் ஒருநாள் குரல் எழும்பாமல் நின்றார்கள் என்பதை அறிந்தால், பாதியில் நிறுத்திய பாடலை ஒரு பிள்ளையாவது மீண்டும் பாடத் தொடங்கும்.