தாகத்தை மறைக்காத ஆண்டவர்



கல்வாரியில் இயேசு சிலுவையில் தொங்கிய வேளையில் மொழிந்த வார்த்தைகள் ஏழு என்பது திருச்சபையின் மரபு. ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் அவற்றை நாம் தியானிக்கிறோம். மன்னிப்பு, விண்ணகம், தாய், தந்தை என்று பெரும் பொருள்களைப் பற்றிய அந்த வார்த்தைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் உடலின் மிக எளிய தேவை ஒன்றைச் சொல்லுகின்றது. தமக்குத் தாகமாயிருப்பதை ஆண்டவர் வாய்விட்டு அறிவித்தார் (யோவான் 19:28). மறைநூல் நிறைவேறும்படி அவர் அவ்வாறு சொன்னார் என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். ஆயினும், அது உண்மையான தாகமே. கைகளிலும் கால்களிலும் ஆணிகள் பாய்ந்திருக்க, உலகின் பாவமெல்லாம் தோள்மேல் இருக்க, உலர்ந்த நாவைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று அவர் தயங்கவில்லை. அருகில் நின்றவர்கள் கடற்பஞ்சில் தோய்த்து நீட்டிய புளித்த இரசத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் இந்த ஒரு வார்த்தையைச் சற்று ஆழமாகச் சிந்திப்பது நன்று.

வீட்டில் தொடங்கும் துன்பம்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில் அமைந்திருக்கிறது கெலிஓயா. பல சமயத்தவரும் அயலவராய்க் கூடி வாழும் ஊர் அது. அங்கிருந்தும் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்குச் செல்வோர் உளர். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை வரை செல்வோரும் உளர். நம் நாட்டில் அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமாகவே கிடைப்பது பெரும் பேறு. குருதிப் பரிசோதனை முடிந்து, நாளத்தின் வழியே கீமோதெரபி மருந்து ஏற்றப்பட்டு, மாலையில் நோயாளி பஸ்ஸில் வீடு திரும்புகிறார். வைத்தியரும் தாதியரும் தம் பணியைச் செய்து முடித்துவிட்டனர். இனி வருவதை வீடுதான் தாங்க வேண்டும்.

அடுப்பில் வெங்காயம் தாளிக்கும் மணமே வயிற்றைப் புரட்டுகிறது. வாயில் புண். எதை உண்டாலும் இரும்பைச் சுவைப்பது போன்ற கசப்பு. மலச்சிக்கல். படியேறினால் இளைப்பு. காலையில் தலையணையெங்கும் உதிர்ந்த மயிர். சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாதபடி விரல் நுனிகளில் மரமரப்பு. மருத்துவ நூல்கள் இவற்றிற் பலவற்றைச் சிறிய பக்கவிளைவுகள் என வகைப்படுத்தும். அனுபவிப்பவருக்கோ ஒரு நாளின் இருபத்துநான்கு மணித்தியாலமும் இவையே.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில், குறிப்பாக நம் தாய்மாரிடத்தில், ஒரு பழக்கம் உண்டு. “எல்லாம் ஆண்டவர் தந்த சிலுவைதானே, பிள்ளைகளுக்கு ஏன் கரைச்சல்?” என்று வாய்மூடி இருந்துவிடுவார்கள். கிளினிக்கில் வைத்தியர் நலம் விசாரித்தாலும் “சுகமாயிருக்கிறேன்” என்பதே பதில். இந்த மௌனம் பக்திபோலத் தோன்றும். ஆனால் அதன் விளைவு சில வேளைகளில் கொடியது. சொல்லியிருந்தால் ஒரு மாத்திரையால் தணிந்திருக்கக்கூடிய வாந்திக்கு அஞ்சி, சிகிச்சையையே இடைநடுவில் கைவிடுவோர் உண்டு. காய்ச்சலை மறைத்து உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்வோரும் உண்டு.

ஏன் இவை வருகின்றன?

புற்றுநோய்க் கலங்கள் மிக விரைவாகப் பெருகுபவை. விரைந்து பெருகும் கலங்களைத் தாக்குவதே இம்மருந்துகள் பலவற்றின் இயல்பு. உடலில் நல்ல கலங்களுள்ளும் அவ்வாறு விரைந்து பெருகுபவை இருக்கின்றன. மயிரின் வேர், வாயினதும் குடலினதும் உட்சுவர், குருதியை உண்டாக்கும் என்பு மச்சை ஆகியவற்றிலுள்ள கலங்கள் அத்தகையவை. ஆகவே பகைவனை நோக்கி எய்த அம்பு அயலானையும் காயப்படுத்துகிறது. நல்ல கலங்கள் மீண்டும் தளிர்க்கும் ஆற்றல் பெற்றவை. சிகிச்சை முடிந்தபின் மயிர் வளர்வதும் வாய்ப்புண் ஆறுவதும் அதனாலேதான். எனவே இத்துன்பங்களிற் பெரும்பாலானவை கடந்து போகிறவை. இவை தண்டனையும் அல்ல, நோய் முற்றிவிட்டதன் அடையாளமும் அல்ல.

செய்யக்கூடியவை

குமட்டலுக்கு ஒன்டன்செட்ரோன் போன்ற மாத்திரைகளை வைத்தியர் தருவதுண்டு. வாந்தி வந்தபின் விழுங்குவதைவிட, அவர் குறித்த வேளையில் முன்கூட்டியே எடுப்பது பயன் தரும். மூன்று வேளை வயிறார உண்பதற்குப் பதிலாக ஐந்தாறு தடவை சிறிது சிறிதாக உண்ணலாம். சூடான கறியின் மணத்தைத் தாங்காதவர்கள் ஆறிய உணவைத் தாங்குவர். உலர்ந்த விசுக்கோத்து, கஞ்சி, இஞ்சி சேர்த்த சாயத்தேநீர் ஆகியவை பலருக்கு இதமானவை. உலோகச் சுவை தோன்றினால் மரக்கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ உதவும்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதிற் பாதியளவு உப்பும் கரைத்து, நாளில் பல தடவை மெல்லக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மென்மையான பற்தூரிகை நல்லது. மதுசாரம் கலந்த வாய்கழுவு நீரும் மிகுந்த உறைப்பும் புளிப்பும் வேண்டாம்.

விரல் மரத்திருப்பவர் சூட்டை உணராமற் கொதிநீரில் கை வைத்துவிடக்கூடும். கேத்திலைத் தூக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும். மரமரப்பு கூடினால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பொறுத்து மருந்தின் அளவை அவர் மாற்றக்கூடும். சிவப்பு நிறமான டொக்சோருபிசின் ஏற்றப்பட்டவருக்கு ஓரிரு நாட்கள் சிறுநீர் செந்நிறமாய்ப் போகும். அது குருதி அன்று, மருந்தின் நிறமே. நாட்டு மூலிகைக் கசாயம் எதையும் வைத்தியருக்குத் தெரியாமற் பருகலாகாது. சில மூலிகைகள் மருந்தின் செயலைக் குழப்பிவிடும்.

இவற்றுள் சேராத ஒன்று காய்ச்சல். மருந்து ஏற்றி ஏறத்தாழ ஏழு முதல் பதினான்கு நாட்களில் குருதியின் வெண்கலங்கள் மிகவும் குறைந்து, கிருமிகளை எதிர்க்கும் வலு இல்லாமற் போகலாம். அப்போது உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை (100.4 பாகை பரனைட்) எட்டினால், நடுச்சாமமாயினும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வைத்தியரைக் கேளாமல் பரசிட்டமோல் விழுங்கினால் காய்ச்சல் மறைந்து, கிருமித் தொற்று மறையாதிருக்கும். கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று விடியும்வரை காத்திருப்பது தியாகம் அன்று.

வைத்தியரை மதிக்கும்படியும், அவரையும் மருந்துகளையும் படைத்தவர் ஆண்டவரே என்றும் சீராக்கின் ஞானம் (அதிகாரம் 38) போதிக்கிறது. வைத்தியரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதும் அந்த மதிப்பின் ஒரு பகுதியே.

தாயாம் திருச்சபையின் கனிவு

நோயாளரின் மனத்தை வருத்தும் வேறு கவலைகளும் உண்டு. தவக்காலத்தில் நோன்பிருக்க முடியவில்லையே, நற்கருணைக்கு முன் எதையாவது உண்ண வேண்டியிருக்கிறதே, ஞாயிறு திருப்பலிக்குப் போகவில்லையே என்று கலங்குவோர் பலர். திருச்சபை இவர்களை அன்போடு நினைத்திருக்கிறது.

நோயுற்றோரை நோன்புக் கடமை கட்டுப்படுத்துவதில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணித்தியாலம் உண்ணாதிருக்கும் ஒழுங்கும் அவர்களுக்கு இல்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (919) முதியோருக்கும் நோயாளருக்கும், அவர்களைப் பராமரிப்போருக்குங்கூட, இவ்விலக்கை அளிக்கிறது. வாய்ப்புண்ணால் அப்பத்தை விழுங்க இயலாதவர், தேவையானபோது திருஇரத்தத்தை மட்டும் உட்கொள்ளவும் அச்சட்டம் (925) வழிவிடுகிறது. பங்குத்தந்தையிடம் முன்னரே தெரிவித்தால் போதும். வெண்கலங்கள் குறைந்த நாட்களில் சனக்கூட்டத்தைத் தவிர்த்து வீட்டிலிருப்பதும் பாவமன்று.

நோயில்பூசுதல் அருட்சாதனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “அவஸ்தைப் பூசுதல்” என்னும் பழைய பெயரால் அச்சமுற்று, இறுதி மூச்சுவரை குருவை அழைக்கத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இது மரணத் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டில் எடுத்துரைத்தது. கடும் நோயை எதிர்த்துச் சிகிச்சை தொடங்கும் வேளையிலேயே இதைக் கேட்டுப் பெறலாம். நோயுற்றவரே திருச்சபையின் மூப்பரை அழைக்கட்டும் என்றுதான் யாக்கோபும் எழுதினார் (5:14). அழைப்பதற்கு முதலில் வாய் திறக்க வேண்டும்.

களைப்புற்ற எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்த இறைவாக்கினரை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார் (1 அரசர் 19). அவருடைய பயணம் நெடியது என்பதை வானதூதர் அறிந்திருந்தார். கீமோதெரபியின் களைப்பும் அத்தகையதே. உண்பது, உறங்குவது, இயலுமானபோது முற்றத்தில் சிறிது நடப்பது ஆகியவையே அந்நாட்களின் செபம் எனலாம்.

ஒப்புக்கொடுத்தலும் மறைத்தலும்

அப்படியானால் துன்பத்தை ஒப்புக்கொடுக்கும் நம் மரபு வீணா? ஒருபோதும் இல்லை. இத்தாலி நாட்டின் அருளாளர் கியாரா படானோ 1971இல் பிறந்தவர். பதினேழு வயதில் என்புப் புற்றுநோய்க்கு ஆளானார். கீமோதெரபியால் மயிர் உதிர்ந்தபோது, உதிரும் ஒவ்வொரு கற்றையையும் இயேசுவுக்கென்றே சொல்லி ஒப்புக்கொடுத்தார். 1990இல் இறைவனடி சேர்ந்த அவர், 2010ஆம் ஆண்டு அருளாளராக உயர்த்தப்பட்டார். கவனியுங்கள்: அவர் சிகிச்சையை ஏற்றார், நோயைப் பெற்றோருடன் பகிர்ந்தார், அதன்பின் எஞ்சிய இழப்பையே காணிக்கையாக்கினார். நீக்கக்கூடிய வேதனையை நீக்க இடங்கொடுப்பது தாழ்ச்சி. நீக்கமுடியாததை ஒப்புக்கொடுப்பது அன்பு. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

பூவும் பொட்டுமாய் வாழ்ந்த பெண்ணுக்கு மயிரிழப்பு சிறிய இழப்பன்று. “திரும்ப வளருந்தானே” என்று இலேசாகச் சொல்லிவிடாமல், அவர் அழ வேண்டுமானால் உடனிருந்து அழவிடுவோம். தலைமயிரை எல்லாம் எண்ணி வைத்திருக்கிறார் தந்தை என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 10:30). எண்ணி வைத்தவருக்கு உதிர்ந்தவையும் தெரியும். மார்கழிக் குளிரில் மொட்டைத்தலைக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுப்பதுங்கூட அந்தத் தந்தையின் அன்பில் பங்குகொள்வதே.

பஞ்சை நீட்டும் கரங்கள்

தாகத்தைச் சொன்னவருக்குப் பஞ்சை நீட்டச் சிலர் அருகில் இருந்தனர். நோயாளி வாய்திறக்க வேண்டுமானால், கேட்கும் காது வீட்டில் இருக்க வேண்டும். கண்டி மண்ணுக்கு இதில் உன்னதமான முன்மாதிரி உண்டு. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, தொற்றுக்கு அஞ்சிப் பலர் தம் நோயாளரைக் கைவிட்டனர். புனித யோசவாஸ் அடிகளார் அவர்களைத் தேடிச் சென்றார். சமய வேறுபாடு பாராது உணவும் நீரும் ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். 2015ஆம் ஆண்டு கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய தூய வாழ்வு நீர்க்குவளையிலும் கஞ்சிக் கிண்ணத்திலும் வெளிப்பட்டது.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “சுகம்” என்றே விடை வரும். “அம்மா, இன்று என்ன சாப்பிட முடிந்தது? வாய் எரிகிறதா? எத்தனை தடவை வாந்தி எடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். விடைகளை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டு நிமிடங்களில் வைத்தியர் வாசித்துவிடுவார். தாய் சொல்லத் தயங்கியதைக் கொப்பி சொல்லும். யாயிரின் மகளை உயிர்பெற்றெழச் செய்த இயேசு, வியந்து நின்றவர்களிடம் சொன்னதும் சிறுமிக்கு உணவு கொடுக்கும்படியே (மாற்கு 5:43). சாவையே வென்ற கரத்திற்கு ஒரு பிள்ளையின் பசி சிறிதாகத் தோன்றவில்லை.

செபிப்போமாக

சிலுவையில் தாகமுற்ற ஆண்டவரே, நோயின் கட்டிலில் வாய் உலர்ந்து கிடக்கும் எம் உறவுகளை நோக்கியருளும். தம் வேதனையை வெட்கமின்றிச் சொல்லும் எளிமையை அவர்களுக்கும், அதைச் சலிப்பின்றிக் கேட்கும் பொறுமையை எமக்கும் தாரும். வைத்தியர், தாதியர் கரங்களை ஆசீர்வதியும். புனித யோசவாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.