பழைய மிதிவண்டிக்குப் புதிய சக்கரம்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் நெல்மூட்டையைச் சுமந்து சென்றது மாட்டுவண்டி மட்டுமன்று. மிதிவண்டியும் அப்பணியைச் செய்திருக்கிறது. அத்தகைய பழைய ராலே வண்டி ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. இங்கிலாந்திலே நாட்டிங்காம் நகரில் செய்யப்பட்ட அதன் சட்டம் இன்றும் உறுதியாக இருக்கிறது. சக்கர வட்டைகளை மட்டும் துரு தின்றுவிட்டது. அவற்றுக்கு மாற்றுத் தேடியபோது அறிந்தவற்றை உங்களுக்குக் கூறுகிறேன்.

‘28 அங்குலச் சக்கரம்’ என்று கேட்டால் போதாது. அப்பெயர் டயரின் வெளிவிட்டத்தை ஒட்டி எழுந்தது. டயர் அமரும் இடத்தின் விட்டமே மெய்யான அளவு. பழைய வண்டியில் அது 635 மில்லிமீட்டர். இக்காலப் பந்தய வண்டியில் 622. வேறுபாடு 13 மில்லிமீட்டர்தான். ஆயினும் ஒன்றன் டயர் மற்றொன்றில் பொருந்தாது. மேலும், பழைய வண்டியின் பிரேக் கட்டைகள் வட்டையின் பக்கங்களைப் பற்றுவதில்லை. குடத்தை நோக்கிய உட்புறத்தையே அழுத்துகின்றன. ஆகவே அதற்கேற்ற வடிவுள்ள வட்டையே வேண்டும். கம்பித் துளைகளும் முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 என இருத்தல் வேண்டும்.

மேலைநாடுகளில் அரிதாகிவிட்ட இவ்வட்டைகள் நம் நாட்டில் இன்றும் கிடைக்கின்றன. 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆங்கிலேய அமைப்பையே பின்பற்றி வண்டிகள் செய்தது இதற்கு ஒரு காரணம். எனவே, பழைய குடங்களை வைத்துக்கொண்டு, வட்டையையும் கம்பிகளையும் புதிதாக வாங்கினேன்.

இனிச் சக்கரம் கட்டும் முறையைப் பார்ப்போம். மாட்டுவண்டியில் மர ஆரக்கால்கள் தூண்போல் நின்று சுமையைத் தாங்குகின்றன. மெல்லிய கம்பியோ அழுத்தினால் வளைந்துவிடும். இழுத்தால்தான் வலிமை காட்டும். அதனால் எல்லாக் கம்பிகளையும் முன்னரே இழுத்து இறுக்கிவிடுகிறோம். நாம் ஏறி அமர்ந்ததும் தரையை ஒட்டிய சில கம்பிகளின் இறுக்கம் சிறிது தளர்கிறது; முற்றும் தளராதவரை சக்கரம் உருக்குலையாது. கம்பிகள் குடத்திலிருந்து நேராகச் செல்லாமல், ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்ந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். மிதிக்கும் விசையைக் குடத்திலிருந்து வட்டைக்குக் கடத்துவதற்கே அந்தச் சாய்வு. 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி இம்முறைக்கு உரிமை பெற்றார்.

கடைசி வேலை கோட்டம் எடுத்தல். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, வட்டை இடப்புறம் ஒதுங்கும் இடத்தில் வலப்புறக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இடப்புறக் கம்பியைத் தளர்த்த வேண்டும். கம்பிகளை விரலால் மீட்டினால், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலி தர வேண்டும். வீணைக்குச் சுருதி சேர்ப்பவருக்கு வேண்டிய செவியும் பொறுமையும் இவ்வேலைக்கும் வேண்டும்.

இன்று பலர் கோணிய சக்கரத்தை எறிந்துவிட்டு, முழுச் சக்கரமாகவே வாங்கிக்கொள்கிறார்கள். இதனால் கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகள் குறைகின்றன. உங்களுள் பலர் அரசு வழங்கிய மிதிவண்டியில் பள்ளி செல்பவர்கள். அதன் சக்கரம் கோணினால், ஊரிலுள்ள முதிய சைக்கிள் தொழிலாளரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் வேலை செய்யும்போது அருகிருந்து கற்றுக்கொள்ளுங்கள். விசையைப் பற்றி நூலிற் படித்த பாடம் உங்கள் விரல்களுக்கும் விளங்கும். ஒரு நல்ல தொழிலும் ஊரில் நிலைக்கும்.