யு.பி.எஸ். கெட்டுவிட்டதா? பேட்டரி மாற்றினால் போதுமா?

கம்ப்யூட்டருடன் யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்து வாங்குபவர்கள், முதல் இரண்டு ஆண்டுகள் அதனை மறந்தே விடுகின்றனர். பிறகு ஒரு நாள் கரண்ட் போகிறது. யு.பி.எஸ். ஒரு முறை "பீப்" என்று கத்திவிட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து அணைந்து விடுகிறது. சேவ் செய்யாத வேலை போய்விடும். அப்டேட் நடந்து கொண்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் திறக்காமலும் போகலாம். உடனே புதிய யு.பி.எஸ். வாங்கக் கிளம்புகிறோம். ஆனால் பெரும்பாலும் கெட்டுப் போயிருப்பது உள்ளே உள்ள பேட்டரி மட்டுமே. எனவே எங்கள் வேப்பம்பட்டு போன்ற ஊர்களில் இருப்பவர்கள் திருவள்ளூர் கடைக்கோ, சென்னை ரிச்சி தெருவுக்கோ ரயில் ஏறும் முன், கீழ்க்காணும் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

முதலில் வெளியே பாருங்கள்

யு.பி.எஸ். ஆன் ஆகவே இல்லையா? அதே பிளக் பாயிண்டில் டேபிள் லேம்ப்பை மாட்டி, கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பின்புறம் ஃபியூஸ் அல்லது ரீசெட் பட்டன் இருந்தால் அதையும் கவனிக்கவும். லைட் எரியும்போதே யு.பி.எஸ். அடிக்கடி "டிக்" என்ற சத்தத்துடன் பேட்டரிக்கு மாறினால், குற்றம் லோ வோல்டேஜாக இருக்கலாம். நம் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். தொடர்ந்து குறைந்தால், 2021 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட மின்னகம் (94987 94987) மூலம் புகார் செய்யலாம்.

அடுத்து லோடு. 600 வி.ஏ. என்று எழுதியுள்ள பல யு.பி.எஸ்.கள் தாங்குவது 360 வாட் அளவுதான். லேசர் பிரிண்டரை அதில் மாட்டியிருந்தால் உடனே கழற்றி விடுங்கள்.

பல்பு சோதனை

யு.பி.எஸ்.ஸை எட்டு மணி நேரம் சார்ஜ் ஆக விடவும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை யு.பி.எஸ்.ஸில் மாட்டவும். இப்போது சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் ஆஃப் செய்யவும். பிளக்கை உருவ வேண்டாம். எர்த் இணைப்பு தொடர்ந்து இருக்க வேண்டும்.

பல்பு கால் மணி நேரத்துக்கு மேல் எரிந்தால் பேட்டரி நன்றாக உள்ளது. அப்படியும் கம்ப்யூட்டர் அணைந்தால், லோடு அதிகம் என்று பொருள். ஓரிரு நிமிடங்களில் பல்பு அணைந்தால் பேட்டரி முடிந்துவிட்டது. எரியவே இல்லை என்றால் பேட்டரியும் காரணமாக இருக்கலாம், உள்ளே உள்ள போர்டும் காரணமாக இருக்கலாம். நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிப் பார்க்கும்படி டெக்னீசியனிடம் கேளுங்கள். அதிலும் ஓடவில்லை என்றால் குற்றம் போர்டில்தான்.

மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் பேட்டரியின் சக்தியில் வெளியே 230 வோல்ட் வரக்கூடும். பேட்டரி உப்பியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ உடனே பயன்பாட்டை நிறுத்தி விடவும்.

எதை மாற்றுவது?

பேட்டரி மட்டும் போதும்: போர்டு நன்றாக இருந்து, லோடும் பொருந்தி, பேட்டரியின் விலை புதிய யு.பி.எஸ். விலையில் பாதிக்குள் இருந்தால்.

புதியதே நல்லது: போர்டு எரிந்திருந்தால், பேட்டரி ஆசிட் உள்ளே கசிந்திருந்தால், புதிதாகப் போட்ட பேட்டரியும் ஒரே ஆண்டில் போய்விட்டால் (சார்ஜர் பகுதியே பேட்டரியைக் கெடுக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்), அல்லது கிராபிக்ஸ் கார்டு சேர்த்து லோடு கூடியிருந்தால். இன்னொன்று: ஆக்டிவ் பி.எஃப்.சி. வகை எஸ்.எம்.பி.எஸ். உள்ள கம்ப்யூட்டர்கள் சில, சாதாரண யு.பி.எஸ். தரும் சதுர அலை மின்சாரத்தில் அணைந்து விடும். அவற்றுக்கு சைன் வேவ் யு.பி.எஸ். தேவை.

பேட்டரி வாங்கும்போது

வீட்டு யு.பி.எஸ். பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. பழையதன் மேல் உள்ள எண்களையும் அதன் அளவையும் குறித்துக்கொண்டு செல்லவும். தயாரித்த மாதத்தைக் கட்டாயம் பாருங்கள். கடையில் சார்ஜ் இல்லாமல் நெடுநாள் கிடந்த பேட்டரி, புதிதாகவே இருந்தாலும் பாதி செத்தது போலத்தான்.

இந்த வகை பேட்டரி, 25 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். அதில் உள்ள காரீயம் மண்ணிலும் நீரிலும் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கடையில் கொடுத்தால், புதியதன் விலையில் கொஞ்சம் கழித்துக் கொள்வார்கள். எனவே கடைக்குப் போகும்போது பழையதையும் மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.