உடனடி வெங்காய அச்சாறு: செய்முறையும் காரணமும்

மனைப்பொருளியல் – உணவு நற்காப்பு



உணவு நற்காப்பு என்ற அலகில் வரும் வினாக்களுக்குப் பலர் முறைகளின் பெயர்களைச் சரியாக எழுதுகின்றனர். ஆனால் "இந்தப் பொருள் ஏன் சேர்க்கப்படுகின்றது?" என்று கேட்டவுடன் தடுமாறுகின்றனர். "அச்சாற்றில் உப்பு, சீனி, வினாகிரி ஆகிய மூன்றும் நற்காப்புப் பொருள்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவிற்குச் சென்று விடுகின்றனர். இந்த விடை எப்பொழுதும் சரியானதா? வீட்டில் ஒரு மணித்தியாலத்தில் செய்யக்கூடிய இனிப்பும் உறைப்புமான வெங்காய அச்சாறு ஒன்றைச் செய்து பார்த்தே இதற்கு விடை காண்போம்.

அச்சாறு நமது நாட்டில் பல வகைப்படும். மாங்காய், அம்பரெல்லா அச்சாறுகளைப் பாடசாலை வாசலிலேயே கண்டிருப்பீர்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம், கடுகு, வினாகிரி சேர்த்துச் செய்யப்படும் மலே அச்சாறு புரியாணியுடன் பரிமாறப்படுகின்றது. நாம் இங்கு செய்யவிருப்பது அதன் எளிய உறவு.

தேவையான பொருள்கள்

சின்ன வெங்காயம் (தோல் நீக்கியது) – 250 கிராம்
வினாகிரி – 200 மில்லிலீற்றர்
சீனி – 2 மேசைக்கரண்டி
உப்பு – 1½ தேக்கரண்டி
பச்சை மிளகாய் – 4
கடுகு (கொரகொரப்பாக இடித்தது) – 1 தேக்கரண்டி
மிளகு – ½ தேக்கரண்டி
இஞ்சி – சிறு துண்டு
உள்ளி – 3 பல்லு

செய்முறை

1. மூடியுள்ள கண்ணாடிப் போத்தலைக் கழுவி, ஒரு பாத்திரத்திலுள்ள குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அடுப்பில் வைக்கவும். நீர் கொதிக்கத் தொடங்கியபின் 10 நிமிடங்கள் கொதிக்கவிட்டு எடுத்து, கவிழ்த்து வைத்து உலரவிடவும். கொதிநீரில் திடீரென இட்டால் கண்ணாடி வெடிக்கலாம்.

2. வெங்காயத்தைக் கழுவி மெல்லிய வளையங்களாக வெட்டவும். மிளகாயை நீளவாக்கில் கீறவும். கீறாவிடின் கரைசல் உள்ளே செல்லாது.

3. வெங்காயத்துடன் 1 தேக்கரண்டி உப்பைப் பிசறி 20 நிமிடங்கள் வைக்கவும். ஊறி வரும் நீரைப் பிழிந்து அகற்றவும்.

4. துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத்தில் வினாகிரி, சீனி, மீதி உப்பு, மிளகு, நறுக்கிய இஞ்சி, உள்ளி ஆகியவற்றை இட்டுச் சூடாக்கவும். சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கவும். ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். எனவே யன்னலைத் திறந்து வைக்கவும்.

5. வெங்காயம், மிளகாய், கடுகு ஆகியவற்றைக் கலந்து போத்தலில் இட்டு, சூடான கரைசலை ஊற்றவும். கரண்டியால் அழுத்தி, எல்லாத் துண்டுகளும் கரைசலில் மூழ்கியிருப்பதை உறுதிசெய்யவும்.

6. ஆறியபின் மூடவும். ஒரு மணித்தியாலத்தில் உண்ணலாம். மறுநாள் சுவை மேலும் நன்றாக இருக்கும்.

இப்பொழுது காரணங்களை நோக்குவோம்.

உப்பு எதற்காக?

வெங்காயக் கலங்களுக்கு வெளியே உப்பின் செறிவு கூடும்போது, கலமென்சவ்வினூடாக நீர் வெளியேறுகின்றது. இது பிரசாரணம் ஆகும். நீர் குறைந்த துண்டுகள் கடித்தால் நொறுநொறுப்பாக இருக்கும். வெங்காயத்தின் காரச்சாற்றிலும் ஒரு பகுதி நீங்கிவிடும். அத்துடன் பின்னர் சேர்க்கும் வினாகிரியை ஐதாக்கும் நீரும் குறைகின்றது. ஆனால் பிழிந்தபின் எஞ்சும் சிறிதளவு உப்பு நுண்ணங்கிகளைத் தடுக்கப் போதாது. கருவாட்டில் உப்பு நற்காப்புப் பொருள். இங்கோ அதன் முதன்மைப் பணி நீரை வெளியேற்றுவதும் சுவையூட்டுவதும் ஆகும்.

சீனி எதற்காக?

ஜாமில் கரைந்துள்ள திண்மங்களின் அளவு, பெரும்பாலும் சீனி, ஏறத்தாழ 65% ஆகும். அச்செறிவில் நுண்ணங்கிகளுக்குக் கிடைக்கக்கூடிய நீர் குறைவதால் அவை வளர முடியாது. நமது போத்தலில் உள்ள 2 மேசைக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 25 கிராம் மட்டுமே. மொத்தத் திரவத்தில் அது 6% அளவாகும். எனவே இங்கு சீனி புளிப்பைத் தணிக்கும் சுவைப்பொருள் மட்டுமே. "சீனி நற்காப்புப் பொருள்" என்ற விடை ஜாமிற்குப் பொருந்தும். இந்த அச்சாற்றிற்குப் பொருந்தாது.

வினாகிரி எதற்காக?

உண்மையில் நற்காப்புச் செய்வது இதுவே. வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலம் வெங்காயத்தின் உள்ளே பரவி அதன் பீ.எச். பெறுமானத்தைக் குறைக்கின்றது. வெங்காயத்தின் இயல்பான பீ.எச். பெறுமானம் 5 இற்கும் 6 இற்கும் இடைப்பட்டது. உணவின் பீ.எச். 4.6 அல்லது அதற்குக் குறைவாக இருப்பின், கொடிய நஞ்சை உண்டாக்கும் குளோஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியா வளர முடியாது. உணவைப் பழுதாக்கும் வேறு பல பற்றீரியாக்களும் தடுக்கப்படுகின்றன.

அமிலத்தின் செயலைக் கண்ணாலும் காணலாம். வெங்காயத்தின் ஊதா நிறத்திற்குக் காரணமான அந்தோசயனின், அமில ஊடகத்தில் பிரகாசமான இளஞ்சிவப்பாக மாறும்.

தண்ணீர் சேர்த்தால் என்ன?

புளிப்பு அதிகம் என்று கூறி வினாகிரியின் பாதியளவிற்குத் தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. இங்கேதான் தவறு நேருகின்றது. ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். வினாகிரியில் 4% அசற்றிக்கமிலம் உள்ளது எனக் கொள்வோம். 250 கிராம் வெங்காயத்தில் ஏறத்தாழ 220 மில்லிலீற்றர் நீர் உண்டு.

200 மில்லிலீற்றர் வினாகிரியிலுள்ள அமிலம் = 8 கிராம்
மொத்தத் திரவம் = 200 + 220 = 420 மில்லிலீற்றர்
இறுதிச் செறிவு = ஏறத்தாழ 1.9%

வினாகிரியின் பாதிக்குத் தண்ணீர் சேர்த்தால் அமிலம் 4 கிராம் மட்டுமே. மொத்தத் திரவமோ அதே 420 மில்லிலீற்றர். செறிவு 1% இற்கும் குறைந்துவிடும். அதாவது வெங்காயமே தன் பங்கிற்கு வினாகிரியைப் பாதியாக ஐதாக்கிவிட்டது. நாம் மேலும் ஐதாக்கக்கூடாது. புளிப்பைக் குறைக்க விரும்பினால் சிறிது சீனியைக் கூட்டுங்கள். வினாகிரியைக் குறைக்காதீர்கள்.

இந்த அச்சாறு எவ்வளவு காலம் இருக்கும்?

அமிலம் எல்லா நுண்ணங்கிகளையும் தடுப்பதில்லை. மதுவங்களும் பூஞ்சணங்களும் அமிலத்தைத் தாங்கக்கூடியவை. மேலும் நாம் மூடிய போத்தலை மீண்டும் கொதிநீரில் பதப்படுத்தவில்லை. ஆகவே இதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்திற்குள் உண்ண வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் செய்யுங்கள். மேலே வெண்படலம், நுரை அல்லது மாறுபட்ட மணம் தோன்றினால் சுவைத்துப் பார்க்காமல் முழுவதையும் அகற்றிவிடுங்கள். எடுப்பதற்கு உலர்ந்த கரண்டியையே பயன்படுத்துங்கள்.

ஒப்பிட்டு நோக்குக. யாழ்ப்பாணத்தில் அறுவடை செய்த வெங்காயத்தைத் தாளுடன் பிடி பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவர். அங்கு ஈரம் அகற்றப்படுவதால் வெங்காயம் பல வாரங்கள் இருக்கும். விலை குறைந்த நாளில் வாங்கிய வெங்காயத்தை நெடுநாள் வைத்திருக்க அதுவே ஏற்ற முறை. உடனடி அச்சாறு சில நாட்களின் சோற்றுக்கும் புட்டுக்கும் சுவை சேர்க்கும் முறை. எந்த நோக்கத்திற்கு எந்த முறை என்று அறிவதே இவ்வலகின் சாரம்.

மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: வெங்காய அச்சாறு தயாரிப்பதற்கு அலுமினியப் பாத்திரம் ஏற்றதன்று. காரணம் தருக.
விடை: வினாகிரியிலுள்ள அமிலம் அலுமினியத்துடன் தாக்கமடைந்து உலோகம் உணவில் கலக்கும். உணவின் சுவையும் நிறமும் மாறும். கண்ணாடி, பீங்கான், துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரங்கள் ஏற்றவை.

வினா 2: வினாகிரியில் ஊறவைத்த அச்சாற்றிற்கும் நொதிக்கவைத்த ஊறுகாயிற்கும் உள்ள வேறுபாடு யாது?
விடை: முதலாவதில் அமிலம் வெளியிலிருந்து சேர்க்கப்படுகின்றது. இரண்டாவதில் உப்புக் கரைசலில் வளரும் பற்றீரியாக்கள் காய்கறியிலுள்ள வெல்லத்தை இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன.

வினா 3: துண்டுகள் கரைசலில் முற்றாக மூழ்கியிருக்க வேண்டியது ஏன்?
விடை: கரைசலுக்கு மேலே நிற்கும் துண்டுகளுக்குப் போதிய அமிலம் கிடைக்காது. அவை வளியுடன் தொடுகையுறுவதால் அவற்றில் பூஞ்சணம் இலகுவாக வளரும்.

நினைவிற் கொள்க

ஒரு நற்காப்பு முறையைப் பற்றி விடை எழுதுமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கு நுண்ணங்கியைத் தடுப்பது எது? அது போதிய செறிவில் உள்ளதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தெரிந்தால், ஜாம், கருவாடு, அச்சாறு எதைக் கேட்டாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள். இந்த விடுமுறையில் வீட்டில் ஒரு போத்தல் செய்து பாருங்கள். கையால் செய்த பாடம் பரீட்சை மண்டபத்தில் மறக்காது.