ஈறு நோயும் பூச்சு மருந்துகளும்

பல் போனால் சொல் போகும் என்பர் நம் முன்னோர். பல்லோ தானாகப் போவதில்லை. அதனைத் தாங்கி நிற்கும் ஈறும் எலும்பும் தளர்ந்த பின்னரே போகின்றது. சொத்தையே இல்லாத பற்களும் முதுமையில் ஆடி விழுவதற்கு ஈறு நோயே பெருங்காரணம். எனினும், ஈறு வீங்கிக் குருதி கசிந்தால் நம்மிற் பலர் மருத்துவரை நாடுவதில்லை. தடவிக்கொள்ள ஒரு மருந்தையே தேடுகின்றனர். அம்மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

பல்லும் ஈறும் கூடும் விளிம்பில் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அவற்றை எதிர்த்து உடல் நிகழ்த்தும் போராட்டமே அழற்சி. 1965ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டில் ஹெரால்டு லோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்து ஆராய்ந்தனர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவர்க்கும் ஈறழற்சி தோன்றிற்று. துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் தணிந்தது. படலத்தை நீக்காது விட்டால் அது பற்காரையாக இறுகும். ஈறு பல்லை விட்டு விலகிப் பை போன்ற பள்ளம் உண்டாகும். உள்ளிருக்கும் எலும்பும் தேயும். தேய்ந்த எலும்பு தானாக மீள்வதில்லை.

மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய், மாசிக்காய், மஞ்சள், கிராம்புத் தைலம் ஆகியன கிடைக்கின்றன. தியாகராய நகரின் ஆங்கில மருந்துக் கடைகளிலோ ஈறுப் பூச்சும் ஜெல்லும் கொப்புளிப்பு நீரும் கிடைக்கின்றன. இவ்விரு வகையும் செயலால் நெருங்கியவையே. ஈறுப் பூச்சுகள் பலவற்றில் உள்ள டானிக் அமிலம், கடுக்காயிலும் மாசிக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளின் இனமே. அது திசுவைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும். கிராம்பின் யூஜினால் மரத்துப்போகச் செய்யும். செறிவாகத் தடவினால் ஈற்றைப் புண்ணாக்கும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் அடக்கி வைப்போரும் உளர். அது சதையைச் சுட்டு வெண்புண்ணாக்கும். குளோர்ஹெக்சிடின் நீர் நுண்ணுயிரை அடக்க வல்லது. நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

இவை யாவும் வீக்கத்தையும் வலியையும் தணிப்பன. ஆனால் பற்காரையைக் கரைக்கும் ஆற்றல் இவற்றுள் எதற்கும் இல்லை. மேலே தடவியதை உமிழ்நீர் விரைவில் கழுவிவிடும்; பையின் அடிவரை அது செல்வதுமில்லை. ஆதலின் முதலில் காரையை அகற்றல், பின்னரே மருந்து என்பதே முறை. தேவையான இடத்தில் மருத்துவரே பையினுள் ஜெல்லைச் செலுத்துவார். மஞ்சளின் குர்குமின் கொண்டு செய்த ஜெல்லும் நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆராயப்பட்டுள்ளது. காரை நீக்கியபின் துணையாக அது பயன்படலாம். காரை நீக்கத்திற்கு அது மாற்றாகாது.

காரையை எடுத்தால் பல் ஆடும் என்னும் அச்சம் மக்களிடையே பரவலாக உள்ளது. எலும்பு தேய்ந்து முன்னரே தளர்ந்த பல்லைக் காரை மறைத்து நின்றது என்பதே உண்மை. இவ்வச்சத்தால் பூச்சு மருந்தோடு ஆண்டுகளைக் கழிப்போர், வலியின்றியே பல்லை இழக்கின்றனர்.

நீரிழிவு உடையோர் இதில் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சர்க்கரை மிகுந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தலும் அரிதாகும். புகையிலை ஈற்றின் குருதிக் கசிவைக் குறைத்து நோயை மறைக்கும். மூக்குப்பொடியை ஈற்றில் தேய்ப்பதும் தீங்கே. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் எதுவாயினும், புற்றுநோய் அன்று என உறுதி செய்துகொள்ளல் வேண்டும். அடையாற்றில் 1954ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் புற்றுநோய் மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே உள்ளது.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் உகாய் மரத்து மிஸ்வாக் குச்சியும் நம் முன்னோர் கண்ட நல்வழிகள். அவை படலத்தைத் தேய்த்து நீக்குகின்றன. நோயின் வேரையே தொடுகின்றன. குச்சியாயினும் தூரிகையாயினும் ஈற்றின் விளிம்பை நாளும் இருமுறை மென்மையாகத் துலக்குதலே முதல் மருந்து. சென்னைக் கோட்டை இரயில் நிலையத்தின் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வசதி குறைந்தோர்க்கும் கதவு திறந்திருக்கின்றது. துலக்கும்போது குருதி கண்டால் அதனை ஈறு விடுக்கும் எச்சரிக்கையாகக் கொள்க. மருந்தைத் தடவி அவ்வெச்சரிக்கையை அடக்கிவிடாது, மருத்துவரை அணுகிக் காரணத்தைக் களைக.