உங்களுக்குத் தெரியுமா? கடைசி வயலில் எழுதப்படும் கணக்கு

திருகோணமலை என்றதும் துறைமுகம்தான் கண்முன் வரும். அதற்குப் பின்னால் தம்பலகாமம், கந்தளாய், மூதூர், சேருவில என்று விரியும் வயல்களை வாழவைப்பவை வாய்க்கால்கள். அவை நலமாக இருக்கின்றனவா, அவற்றால் ஊருக்கு என்ன பயன் என்று எப்படி அளப்பது? இதோ சில துளிகள்.

● கந்தளாய்க் குளம் 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் காலத்தது என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. கோணேசர் கல்வெட்டு கூறும் தமிழ் மரபிலோ அது குளக்கோட்டன் கட்டிய குளம். குளக்கட்டின் நீளம் 4 கிலோமீற்றருக்கு மேல். கொள்ளளவு சுமார் 13.5 கோடி கன மீற்றர். வயலுக்கு மட்டுமல்ல, திருகோணமலை நகரின் குடிநீர்க் குழாய்க்கும் இந்தக் குளத்து நீர்தான் போகிறது.

● கந்தளாய்க்கு வரும் நீர் அதன் சொந்த மழைநீர் மட்டுமல்ல. அம்பன் கங்கை நீர் எலஹெரவில் திருப்பப்பட்டு, மின்னேரியா வழியாகப் பழைய கால்வாய்களில் நெடுந்தூரம் வந்து சேர்கிறது. எங்கோ மேலே கரை சரிந்தால், அது தம்பலகாமத்து வயலில்தான் தெரியும்.

● 1986 ஏப்ரல் 20 அதிகாலை 3 மணியளவில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடும் பயிரும் இழந்தன. குளக்கட்டின் நிலையைக் காலத்தோடு அளப்பது உயிரைக் காக்கும் வேலை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

● மண்கட்டின் அடிவாரத்தில் நீர் ஊறினால் முதலில் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் மெல்லக் கசிவது மண்கட்டுகளில் வழக்கம். கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். கசிவின் அளவு கூடினாலும் ஆபத்துத்தான். உடனே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டிய சேதி இது.

● கலாவெவவிலிருந்து அநுராதபுரம் போகும் பண்டைய யோத எல 87 கிலோமீற்றர் நீளம். அதன் முதல் 27 கிலோமீற்றரில் சரிவு கிலோமீற்றருக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர்தான்! இத்தனை மென்மையான சரிவில் ஓடும் வாய்க்காலில் ஒரு முழ உயரத்துக்கு வண்டல் படிந்தாலும் ஓட்டம் தடுமாறிவிடும்.

● வாய்க்கால் நீரை அளக்க ஒரு குரும்பை போதும். 10 மீற்றர் தூரத்தைக் குறித்து, குரும்பையை மிதக்கவிடுங்கள். 20 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு அரை மீற்றர். அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் அதை 0.85ஆல் பெருக்குங்கள். வாய்க்கால் 2 மீற்றர் அகலமும் அரை மீற்றர் ஆழமும் என்றால், வினாடிக்கு 425 லீற்றர். கிட்டத்தட்ட 15 கியூசெக்.

● ஒரு கியூசெக் என்றால் வினாடிக்கு ஒரு கன அடி, அதாவது 28.3 லீற்றர். அது ஒரு நாள் முழுக்க ஓடினால் 24 இலட்சம் லீற்றரைத் தாண்டும். 2 ஏக்கர் வயலில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும். மதகடியில் ஒருமுறை, வாய்க்கால் முடிவில் ஒருமுறை அளந்து, இடையிலே வயல்கள் எடுத்ததைக் கழித்துப் பாருங்கள். மீதி எங்கே போனது என்ற கேள்வியில்தான் வாய்க்காலின் நலம் இருக்கிறது.

● அயர்லாந்துப் பொறியியலாளர் ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் வாய்க்காலின் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. செருக்கிச் சுத்தம் செய்த மண் வாய்க்காலுக்குச் சுமார் 0.022, புல்லும் பூண்டும் மண்டினால் 0.04ஐயும் தாண்டும். எண் இரட்டித்தால், அதே ஆழத்தில் ஓடும் நீர் பாதியாகும். மண்வெட்டி பிடிக்கும் ஒருநாள் சிரமதானம் எத்தனை ஏக்கருக்கு நீர் தரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

● 1832இல் ஆங்கிலேயர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தார்கள். மனிதருக்கு அது விடுதலை. ஆனால் குளத்தையும் வாய்க்காலையும் ஊர்கூடிப் பேணிவந்த ஒழுங்குக்கு மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. பல குளங்கள் தூர்ந்தன. ஊர் வழமைகளுக்கு மீண்டும் சட்ட வலு கொடுக்க 1856ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வரவேண்டியதாயிற்று.

● மோல்டன், கேட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் வாய்க்கால் வலையை அளக்க நான்கு அளவைகளைத் தந்தார்கள். நீர் போதுமா? வீணாகாமல் வருகிறதா? சொன்ன நாளில் நம்பி இருக்கலாமா? எல்லோருக்கும் உரிய பங்கு கிடைக்கிறதா? முதல் மூன்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய வாய்க்கால்கூட நான்காவதில் தோற்றுப்போகலாம். மதகடி வயல் நிரம்பி வழிய, கடைசி வயல் வெடித்துக் கிடக்கலாம்.

● அந்த நான்காவது கேள்விக்கு நம் நாட்டில் பழைய விடை ஒன்று உண்டு: பெத்ம. வறட்சியில் எல்லா வயலுக்கும் நீர் காணாது என்றால், குளத்துக்கு அருகிலுள்ள வயலை மட்டும் விதைப்பார்கள். அந்த நிலத்தைக் கடைசி வயல்காரர் உட்பட எல்லோரும் அந்தப் போகத்துக்குப் பங்கிட்டுச் செய்வார்கள்.

● கிழக்கில் இன்னொரு முன்மாதிரி கல்லோயா இடதுகரை நீர்ப்பாசனத் திட்டம். 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர்களைக் கிராமங்களில் தங்கவைத்துக் கமக்காரரை ஒன்றுதிரட்டின. வாய்க்காலைத் தாமே தூர்வாரி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிஞ்சியதைக் கீழே விட்டார்கள் மேலே இருந்த சிங்களக் கமக்காரர்கள். கீழே அந்த நீரைப் பெற்றவர்களில் தமிழ்க் கமக்காரரும் இருந்தார்கள்.

● இதன் மறுபக்கத்தையும் நம் மாவட்டம் கண்டிருக்கிறது. 2006 ஜூலையில், போர் மீண்டும் மூண்டுகொண்டிருந்த வேளையில், வெருகலுக்கு அருகே மாவிலாற்று மதகு மூடப்பட்டது. ஆகஸ்டில் அது திறக்கப்படுவதற்குள் சண்டை மூதூர்வரை பரவி, மூவின மக்களும் இடம்பெயர்ந்தார்கள். ஒரு மதகின் பொதுப்பயனை அது மூடிக் கிடந்த நாட்களே அளந்து காட்டின.

● வாய்க்கால் ஓரத்துக் கிணறு ஏன் வற்றுவதில்லை? கசியும் நீர்தான் அதற்கு ஊற்று. உடவளவையில் வாய்க்காலுக்குக் கொங்கிரீட் பூசியதன் விளைவை ஆராய்ந்தவர்கள், பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்ந்ததைக் கண்டார்கள். பொறியியல் கணக்கில் ‘இழப்பு’ என்று எழுதப்பட்டது ஒரு வீட்டின் குடிநீராக இருந்திருக்கிறது.

● கிரிந்தி ஓயாவில் நடந்த ஆய்வு ஒன்று 1999இல் வெளிவந்தது. நெல்லோடு குளிப்பு, துணி துவைப்பு, வீட்டுத் தோட்டம், ஆடுமாடு, மீன்பிடி என வாய்க்கால் நீரின் பல பயன்களை அது பட்டியலிட்டது. இவற்றில் பலவற்றுக்கு நீர் எடுப்பவர்கள் பெண்கள். நெல் மூட்டையை மட்டும் எண்ணினால் இவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

● 80 ஹெக்ரேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் தரும் குளங்கள் சிறு குளங்கள். அவற்றின் பொறுப்பு கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். பெரிய திட்டங்கள் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். இரண்டிலும் போகம் தொடங்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி நீர் திறக்கும் நாளைத் தீர்மானிப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். குளத்தில் எத்தனை அடி நீர் என்று எல்லோரும் கேட்பார்கள். சென்ற போகத்தில் கடைசி வயலுக்கு நீர் எத்தனை நாள் வந்தது என்று நீங்கள் கேளுங்கள்.