நண்பனின் மட்டையும் என் மௌனமும்

பாசிர் ரிஸ் எம்ஆர்டி நிலையத்திலிருந்து என் வீட்டிற்கு நடக்கப் பத்து நிமிடம் போதும். சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் அதற்கு முக்கால் மணி நேரமானது. தோளில் கோல்ஃப் பை கனத்தது. மனம் அதைவிடக் கனத்தது.

அன்று நண்பர்கள் நால்வர் ஒன்பது குழி ஆட்டம் ஆடினோம். எங்களில் ஒருவன் அடித்த பந்து வழக்கத்தைவிட ஏறத்தாழ 20 மீட்டர் கூடுதலாகப் போனது. "எப்படிடா?" என்று கேட்டேன். டிரைவர் எனப்படும் நீள மட்டையின் முகத்தை உள்பக்கமாக இழைத்து மெலிதாக்கித் தரும்படி ஒருவரிடம் பணம் கொடுத்ததாகச் சொன்னான்.

"வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது லா. நீ பார்க்காத மாதிரி இரு."

நான் சிரித்து வைத்தேன். அடுத்த வாரம் மாணவர் போட்டி ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே குழுவில் ஆட வேண்டியிருந்தது. அவனுடைய அடிகளை எண்ணிப் புள்ளி அட்டையில் குறித்துக் கையெழுத்திட வேண்டியவன் நான்தான்.

எவ்வளவு மெலியலாம்?

டிரைவரின் முகம் மெலிதான உலோகத் தகடு. பந்து மோதும்போது அது சற்று உள்ளே அமிழ்ந்து மீண்டும் எழும்பிப் பந்தைத் தள்ளும். தகடு மெலிய மெலிய, துள்ளலும் கூடும்.

அதனால்தான் உலக கோல்ஃப் விதிகளை வகுக்கும் 'ஆர் அண்ட் ஏ' அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் இதற்கு வரம்பு வைத்துள்ளன. ஊசல் போன்ற சிறு கருவியை முகத்தில் மோதவிட்டு, அது எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்று அளப்பார்கள். வரம்பு 239 மைக்ரோ விநாடி. அளவீட்டுச் சலுகையாக மேலும் 18 உண்டு. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வரம்பு மீறிய மட்டையைப் பையில் வைத்திருந்தால் மட்டும் தண்டனை இல்லை. அதைக் கொண்டு ஓர் அடி அடித்தால் தகுதிநீக்கம்.

ஆனால், சோதனையில் தோற்ற மட்டைகள் எல்லாம் மோசடி மட்டைகள் அல்ல. பல்லாயிரம் முறை பந்தை அடித்தாலும் முகத்தின் துள்ளல் தானாகவே கூடிவிடும். 2025 பிஜிஏ வெற்றியாளர் போட்டிக்கு முன் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவர் சோதனையில் தோற்றது. அந்த மட்டையை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வந்ததாக அவரே செய்தியாளர்களிடம் கூறினார். மாற்று மட்டையுடன் ஆடிய அவர், ஐந்து அடி வித்தியாசத்தில் வாகை சூடினார்.

ஆக, கருவி விதியை மீறியது என்பது வேறு; ஆள் ஏமாற்றினார் என்பது வேறு. என் நண்பன் விஷயத்தில் அந்தக் குழப்பம்கூட இல்லை. அவனே சொல்லிவிட்டான்.

சேப்பாக்கத்தில் நடந்தது

அன்றிரவு தாத்தாவைக் காப்பிக்கடைக்கு அழைத்துச் சென்று விஷயத்தைச் சொன்னேன். அவர் தே-ஓவை ஆற்றிக்கொண்டே, தாம் சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோது நடந்த கதையைத் தொடங்கினார். பிறகு நானும் அதைத் தேடிப் படித்தேன்.

1977 ஜனவரியில் சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியா-இங்கிலாந்து மூன்றாவது டெஸ்ட் ஆட்டம் நடந்தது. இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜான் லீவரிடமிருந்து வாசலின் தடவிய மெல்லிய துணிப்பட்டை ஒன்று நழுவி விழுந்தது. நடுவர் ஜூடா ரூபன் அதைக் கவனித்தார். பந்தின் பளபளப்பைக் காக்கவே வாசலின் பயன்பட்டது என்று இந்திய அணித் தலைவர் பிஷன் சிங் பேடி வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். தொடரின் முதல் ஆட்டம் நடந்த டெல்லியிலேயே தமக்குச் சந்தேகம் எழுந்ததாகவும் அவர் சொன்னார்.

நெற்றி வியர்வை கண்ணில் வழியாதிருக்கவே அணியின் உடற்பயிற்சி மருத்துவர் பெர்னார்ட் தாமசின் யோசனைப்படி பட்டையைக் கட்டியதாக இங்கிலாந்துத் தரப்பு விளக்கியது. இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் அதை ஏற்று லீவரைக் குற்றமற்றவர் என்றது. இந்தியா அந்த ஆட்டத்தில் 200 ஓட்டங்களில் தோற்று, தொடரையும் இழந்திருந்தது. அதனால், தோற்றவரின் புலம்பல் என்றே பலர் பேடியின் குற்றச்சாட்டைப் பார்த்தனர்.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் நார்த்தாம்டன்‌ஷியர் அணியில் பேடியின் ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. பேசியதற்குக் கொடுத்த விலை அது என்றே அவர் கருதினார். லீவரும் 'வாசலின்' என்ற சொல்லைத் தம் பெயரிலிருந்து பிரிக்க முடியாமல் போனது.

"சந்தேகம் வந்த அன்னைக்கே முறையா கேட்டிருந்தா ரெண்டு பேருக்குமே நல்லதா போயிருக்கும். நீ எப்ப கேக்கப் போற?" என்றார் தாத்தா.

முதலில் அவனிடமே

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். விதி 20.1 இப்படிப்பட்ட நிலைமைக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருந்தது. இன்னொருவர் விதியை மீறுகிறார் என்று தெரிந்தால் அவரிடமோ, அவருடைய புள்ளிகளைக் குறிப்பவரிடமோ, நடுவரிடமோ, போட்டிக் குழுவிடமோ உடனே சொல்ல வேண்டும். அதுவும் அவர் புள்ளி அட்டையை ஒப்படைக்கும் முன்பே. வேண்டுமென்றே மறைத்தால், மறைத்தவரையும் குழு தகுதிநீக்கம் செய்யலாம். தெரிந்த விதியைக் கண்டுகொள்ள வேண்டாம் என இருவர் பேசிவைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினால், இருவருக்கும் தகுதிநீக்கம்.

"நீ பார்க்காத மாதிரி இரு" என்றானே, அதற்கு நான் தலையாட்டியிருந்தால் அதுவே போட்டியில் குற்றமாகியிருக்கும்.

போட்டிக்கு முதல் நாள் மாலை பாசிர் ரிஸ் பூங்காவின் கடற்கரைப் பக்கம் அவனைச் சந்தித்தேன்.

"என்னைக் காட்டிக் கொடுக்கப் போறியா?"

"காட்டிக் கொடுக்கணும்னா குழுகிட்ட போயிருப்பேன். உன்கிட்டதான் முதல்ல வந்திருக்கேன். ஆனா, நாளைக்கு அந்த மட்டையால ஒரு அடி அடிச்சாலும் சொல்லிடுவேன்."

சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "போன வாரம் சிரிச்சியே" என்றான். என்னிடம் பதில் இல்லை. "அது என் தப்பு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவன் பையில் அந்த மட்டை இல்லை. பழைய மூன்றாம் எண் மட்டையால் தொடங்கி, பட்டியலின் நடுவில் முடித்தான். நான் அவனுக்கும் கீழே! மூன்று வாரம் அவனிடமிருந்து குறுஞ்செய்தி இல்லை. இப்போது மீண்டும் சேர்ந்து ஆடுகிறோம். நட்பு முன்புபோலவே ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அவன் நன்றாக அடிக்கும்போது மனத்தில் ஐயமின்றிக் கைதட்ட முடிகிறது.

கோல்ஃபில் ஒவ்வோர் ஆட்டக்காரர் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. நமது குழுப் பணித்திட்டங்களிலும் அப்படித்தான். வேலையே செய்யாதவரின் பெயரைச் சேர்ப்பதும் வேறொருவர் எழுதியதைத் தனதென்று கொடுப்பதும் முதலில் நண்பர்களுக்குத்தான் தெரியவரும். அப்போது ஊரைக் கூட்டவும் வேண்டாம். சிரித்துக் கடக்கவும் வேண்டாம். ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே, தனியாக, அவரிடமே சொல்லிவிடலாம்.

அந்த உரையாடல் எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய ஒரு வாரம்தான் நீளமாக இருந்தது.